இரண்டு வலிப்புகளுக்கு நடுவே: ‘வந்துவிடுமோ’ என்னும் அச்சம்

வலிப்பு நோயாளியை நம்மில் பெரும்பாலோர் வலிப்பு வந்த நேரத்தில் மட்டும்தான் கவனித்திருப்போம். ஒருவர் திடீரென்று விழுகிறார். கைகால் இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது, கூட்டத்தில் யாரோ சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை இப்படி வந்தாலும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அரை மணி நேரம்தான் ஆகும். எஞ்சிய நேரமெல்லாம் அவர் மற்றவர்களைப் போலவே நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார், சிரிக்கிறார். ஆனால் பேருந்துப் படியில் கால் வைக்கும்போதும், குளியலறைக் கதவைச் சாத்தும்போதும், கைக்குழந்தையைத் தூக்கும்போதும், ‘இப்போது வந்துவிடுமோ’ என்ற நினைப்பு அவர் கூடவே வருகிறது. வலிப்பு வந்துபோகும் நோய் என்றால், இந்த அச்சம் போகாமல் தங்கிவிடும் நோய்.

இதை நோயாளிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலிப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோயில் மிக மோசமானது எது என்று கேட்டார்கள். எப்போது வரும் என்று தெரியாத நிலையும், வந்துவிடுமோ என்ற பயமும்தான் அதிகம் பேர் சொன்ன பதில்கள். 2005இல் பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் இந்த நோய்க்குத் தந்த வரையறையும், மூளையில் வலிப்பு தோன்றும் இயல்பு நீடிப்பதைச் சொல்வதோடு நிற்கவில்லை. அதனால் மனத்திலும் சமூக வாழ்விலும் ஏற்படும் விளைவுகளும் நோயின் பகுதியே என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சுமார் 5 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் 80 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்குக் குறையாது என்று மதிப்பிடப்படுகிறது.

இந்த அச்சம் குறித்து மருத்துவமும் சமூகவியலும் இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்த அச்சத்தில் ஒரு பங்கு நியாயமானது; அது காட்டும் ஆபத்து உண்மையானது, அதற்குப் பாதுகாப்பு தேடுவதே சரி. இன்னொரு பங்கு அந்த ஆபத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தது. அதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ‘பயப்படாதே’ என்று சொல்வதும் பயனற்றது; ‘எங்கேயும் போகாதே’ என்று பூட்டி வைப்பதும் கொடுமை.

அச்சம் ஒன்றல்ல

வலிப்பு நோயாளியின் அச்சம் ஐந்து வகை. முதலாவது மூளையிலேயே பிறப்பது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் பரப்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடும் முறையை வளர்த்தார். நெற்றிப்பொட்டுக்கு உட்பக்கம் உள்ள டெம்போரல் மடலைத் தூண்டியபோது சிலர் எந்தக் காரணமும் இல்லாமல் பயம் வருகிறது என்றார்கள். அம்மடலின் ஆழத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. அச்சத்தை எழுப்பும் மூளைச் சுற்றில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அங்கே வலிப்பு தொடங்கினால், வலிப்பின் முதல் அறிகுறியே அச்சமாக இருக்கும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலிருக்கும், நெஞ்சு படபடக்கும், சொல்லத் தெரியாத திகில் பிடிக்கும். பிறகு நினைவு தப்பும். இந்த அச்சம் வலிப்பைப் பற்றியதல்ல. இதுவே வலிப்பு.

இரண்டாவது, இதிலிருந்து வேறுபட்டது; அடுத்த வலிப்பை எதிர்நோக்கி நாள்தோறும் அடிமனத்தில் ஓடும் கவலை. மூன்றாவது, அந்தக் கவலை முற்றித் திடீர்ப் பீதியாக வெடிப்பது. மூச்சு முட்டும், வியர்க்கும், கை நடுங்கும், ‘ஃபிட்ஸ் வந்துவிட்டது’ என்றே நோயாளி நினைப்பார். நான்காவது, நாலு பேர் முன்னால் விழுந்துவிடுவோமோ, துணி நனைந்துவிடுமோ என்ற வெட்கம் கலந்த அச்சம். ஐந்தாவது, தூக்கத்தில் உயிர் போய்விடுமோ, மூளை கெட்டுவிடுமோ என்ற அச்சம்.

இவற்றைப் பிரித்து அறிவது ஏட்டுப் பயிற்சி அல்ல. மூளையில் தோன்றும் அச்ச வலிப்பு பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும். பீதித் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பத்து நிமிடங்களோ அதற்கு மேலுமோ நிற்கும். பெரும்பாலும் நினைவு தப்பாது. பீதியை வலிப்பு என்று நினைத்து வலிப்பு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் பக்கவிளைவு கூடும், பீதி குறையாது. அச்ச வலிப்பை ‘டென்ஷன்’ என்று தள்ளிவிட்டால் உண்மையான நோய் சிகிச்சையின்றி வளரும். இரண்டு தவறுகளும் நடக்கின்றன. கேட்டுப் பிரித்தறியப் பத்து நிமிடம் ஒதுக்கினால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பழங்காலச் சான்றுகள்

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று, ‘புனித நோய்’ என்று அன்று அழைக்கப்பட்ட வலிப்பு மூளையில் தோன்றும் நோயே, தெய்வ தண்டனை அல்ல என்று வாதிடுகிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் அது. அதில் ஒரு நுட்பமான கவனிப்பு உண்டு. நோய்க்குப் பழகியவர்கள், வரப்போவதை முன்னரே உணர்ந்து மனிதர் கண்ணில் படாத இடத்துக்கு ஓடி முகத்தை மூடிக்கொள்கிறார்கள். தெய்வத்துக்குப் பயந்து அல்ல, வெட்கத்தால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்கிறது நூல். பழகாத சிறு பிள்ளைகளோ இருந்த இடத்திலேயே விழுகிறார்கள்; சில முறை வந்து பழகிய பிறகு, அறிகுறி தெரிந்ததும் தாயிடம் ஓடுகிறார்கள். பெரியவர் மறைவிடம் தேடுகிறார், பிள்ளை தாயைத் தேடுகிறது. வெட்கம் பிறவியில் வருவதல்ல, வளரும்போது கற்றுக்கொள்வது என்பதை இந்தக் காட்சியிலிருந்து நாம் உணரலாம்.

நம் மரபில் வலிப்பு ‘முயலகன்’ என்ற பெயரில் வருகிறது. கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய் கண்டதையும், வேறு கதியின்றி அவன் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துச் சந்நிதியில் கிடத்தியதையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நோய் தீர்த்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. திருச்சிக்கு அருகே திருவாசி என்று இன்று வழங்கும் அந்த ஊரின் கதையில் மகளின் நோயைவிட அழுத்தமாகத் தெரிவது தந்தையின் கையறு நிலை. எப்போது வரும், எப்போது போகும், எதனால் வருகிறது என்று எதுவும் தெரியாத நோய் முன்னால் ஒரு குடும்பம் நிற்கும் நிலை அது. அதே கையறு நிலைதான் சாவிக்கொத்தையும் தேட வைக்கிறது. இரும்பைப் பிடித்ததால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்கின்றன. இரும்பைத் தேடிக் கொண்டுவந்து கையில் திணிப்பதற்குள் நிற்கும் நேரம் வந்துவிடுகிறது, பெயர் இரும்புக்குப் போகிறது.

1986இல் பிரிட்டனின் சமூகவியலாளர் கிரஹாம் ஸ்கேம்ப்ளரும் நரம்பியல் மருத்துவர் ஆன்டனி ஹாப்கின்ஸும் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கிரேக்க நூல் கண்ட வெட்கத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, பிறர் உண்மையாகவே ஒதுக்குவது. மற்றொன்று, ஒதுக்கிவிடுவார்கள் என்று நோயாளி தமக்குள் அஞ்சுவதும் நோயை எண்ணி வெட்கப்படுவதும். அவர்கள் சந்தித்தவர்களின் வாழ்க்கையை அதிகம் சிதைத்தது இரண்டாவதுதான். ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சி மறைக்கிறார்கள். மறைப்பதால் யாரும் ஒதுக்க வாய்ப்பே வருவதில்லை. ஆனால் மறைத்து வைக்கும் பாரம் நாள்தோறும் அழுத்துகிறது.

அச்சம் எந்த அளவுக்கு நியாயம்

அச்சத்தின் அளவை ஆபத்தின் அளவோடு ஒப்பிட எண்கள் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையாவது வலிப்பு வருவோர் 100இல் 10 பேர் வரை உண்டு. அவர்கள் எல்லோருக்கும் வலிப்பு நோய் இல்லை. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் இல்லாமல் முதல் வலிப்பு வந்தவர்களில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் மறுபடி வருவது 100இல் 21 முதல் 45 பேருக்கு. பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் காலத்துக்குள் வருவதில்லை. ஆனால் முதல் வலிப்புக்குப் பிறகு வீடு திரும்புகிறவரிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். எதைப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படுகிறார்.

மருந்து தொடங்கியவர்களின் கணக்கு இன்னும் தெம்பு தருவது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து குவான், பிராடி ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 63 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றிருந்தது. முன்பு மருந்தே எடுக்காதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே நின்றது. உரிய சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். காரணம் தெரிவதும் அச்சத்தைக் குறைக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராஜசேகர் குழுவினர் வேலூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதே காரணம் என்று தெரிந்தது. முன்வினையோ செய்வினையோ அல்ல, கழிப்பறையும் கைகழுவலும் இருந்தால் தடுக்கக்கூடிய தொற்று. அந்தப் புழு மூளையில் ஒற்றைக் கட்டியாகத் தங்கும் வகையில் பெரும்பாலோருக்கு அது கரைந்து வலிப்பும் நின்றுவிடுகிறது.

மறைக்கக் கூடாத ஆபத்தும் உண்டு. வலிப்பு நோயாளிகளில் சிலர் எதிர்பாராமல், பெரும்பாலும் தூக்கத்தில், இறக்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் கழகம் 2017இல் தந்த வழிகாட்டுதலின்படி இது பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவருக்கும், குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவருக்கும் நேர்கிறது. உடல் முழுவதும் விறைத்து வெட்டும் பெருவலிப்பு அடிக்கடி வருவதே இதற்கு முதன்மையான காரணி. இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த வழிகாட்டுதலோ சொல்லத்தான் வேண்டும் என்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆண்டுக்கு 1,000இல் 999 பேருக்கு இது நேர்வதில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. மாத்திரையைத் தவறாமல் எடுப்பதுதான் இந்த ஆபத்தைக் குறைக்க நம் கையில் உள்ள பெரிய வழி என்பதும் அதனுடனே வருகிறது. காரணத்தோடு சொல்லப்பட்ட உண்மை மாத்திரைப் பெட்டியைத் திறக்க வைக்கும். அரைகுறையாகக் காதில் விழுந்த வதந்தி தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

எப்போது என்று தெரிந்தால்

அச்சத்தின் வேர் வலியல்ல, எதிர்பாராமை. எப்போது வரும் என்று தெரிந்தால் அச்சம் குறையுமா? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மருத்துவர்கள் நேரடியாக விடை தேடினார்கள். 15 பேரின் மூளைப்பரப்பில் மின்முனைகளைப் பொருத்தி, கையில் வைத்துக்கொள்ளும் கருவியோடு இணைத்தார்கள். வலிப்புக்கு வாய்ப்பு அதிகமென்றால் சிவப்பு, நடுத்தரமென்றால் வெள்ளை, குறைவென்றால் நீல விளக்கு எரியும். 2013இல் வெளியான முடிவு, முன்னறிவிப்பு சாத்தியம்தான் என்று காட்டியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்கவில்லை. 2018இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, மூளையில் பொருத்திய கருவிகளின் நீண்டகாலப் பதிவுகளை அலசி, பலருக்கு வலிப்பு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சுற்றிவரும் ஒரு தாளத்தில் ஏறி இறங்குவதைக் கண்டது. முற்றிலும் தற்செயல் என்று கருதப்பட்ட ஒன்றுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

இது வானிலை அறிக்கை போன்றது; மழை வரும் என்பதைச் சொல்லலாம், உங்கள் தெருவில் எத்தனை மணிக்கு என்பதைச் சொல்ல இயலாது. அதைக்கொண்டு வாழத் தெரிந்தவருக்கு அது உதவி, சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது புதிய அச்சம். கருவி கிடைக்காத நம் ஊரிலும் முன்னறிவிப்பின் எளிய வடிவம் ஒன்று உண்டு. மாத்திரை தவறியதா, தூக்கம் குறைந்ததா, மாதவிடாய் நாளா, காய்ச்சலா என்று ஒரு நோட்டில் குறித்துவந்தால் பலருக்கு ஒரு போக்கு தென்படும். சிவராத்திரிக் கண்விழிப்பு, கல்யாண வீட்டில் விடிய விடிய வேலை, தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இரவுப் பணி, விரத நாளில் விடுபட்ட மாத்திரை இவையெல்லாம் அந்த நோட்டில் அடிக்கடி வரும். நோன்பிருக்க விரும்புகிறவர் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். எல்லா வலிப்பையும் முன்கூட்டி அறிய முடியாது. அறியக்கூடிய பகுதியை அறிந்துகொண்டால் மிச்சத்தோடு வாழ்வது சற்று எளிதாகும்.

அச்சமே தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கக் குறைவு வலிப்பை அழைக்கும், வந்த வலிப்பு அச்சத்தை வளர்க்கும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

வீட்டாரின் அச்சம்

நோயாளி தம் வலிப்பைப் பார்ப்பதில்லை. அவருக்கு அது நினைவின் ஓர் இடைவெளி. முழுக்கப் பார்ப்பவர்கள் வீட்டார்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வலிப்பு வந்த வீட்டில் அம்மா இரவெல்லாம் நெற்றியில் கை வைத்தபடி படுத்திருப்பாள். தெர்மாமீட்டர் தலையணைக்கடியில் இருக்கும். பிள்ளை திரும்பிப் படுத்தால்கூட விளக்கைப் போடுவாள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மறுபடியும் வரலாம். பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவது மிகச் சிலருக்கே. காய்ச்சல் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் கொடுத்தாலும் அது மறு வலிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ‘நான் அசந்து தூங்கிவிட்டேன், அதனால்தான் வந்தது’ என்று அந்தத் தாய் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

வளர்ந்த பிள்ளையிடம் இந்த அன்பு வேலியாகிவிடுகிறது. விளையாட்டுப் பாடவேளையில் உட்கார வைப்பது, சுற்றுலாவுக்கு அனுப்பாதது, கல்லூரிக்கு வெளியூர் விடாதது என்று வேலி ஏறிக்கொண்டே போகும். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சில் எல்லாம் வந்து முடிச்சிடும். ‘மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்’ என்ற முடிவோடு திருமணம் நடக்கும். புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ‘சத்து மாத்திரை’ என்பாள்; பார்த்துவிடுவார்களோ என்று சில நாள் போடாமலே விடுவாள். மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு வருவது உறுதியாகாவிட்டாலும் வாய்ப்பு பெருமளவு கூடும். தெரிந்துவிடுமோ என்ற அச்சமே தெரியவைக்கும் வலிப்பைக் கொண்டுவந்துவிடுகிறது.

சட்டமும் நெடுங்காலம் இந்த அச்சத்துக்குத் துணை நின்றது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு, மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லப்பட்டிருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. கால் நூற்றாண்டு கடந்தும் இது பல பெற்றோருக்குத் தெரியாது. வலிப்பு நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் வாய்ப்பு உள்ளதால், கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றத் திட்டமிட வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து தாமாக நிறுத்துவதுதான் பேராபத்து. ஒளிவுமறைவற்ற பேச்சு இருக்கும் வீட்டில் இந்தத் திட்டமிடல் நடக்கும். மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் நடக்க வழியே இல்லை.

வண்டி ஓட்டுவதிலும் இதே சிக்கல்தான். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் கார் உரிமம் கேட்கலாம். இங்கே உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் தரும் உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. நெடுங்காலம் வலிப்பு நின்றவருக்கு என்று தெளிவான வழி இல்லை. விளைவு, பலர் மறைத்து ஓட்டுகிறார்கள். கட்டுப்பாடு வேண்டியதுதான், எத்தனை காலம் என்று சொல்லும் கட்டுப்பாடு வேண்டும். முடிவு தெரியாத தடை உண்மையைச் சொல்ல யாரையும் தூண்டாது.

வலிப்பு நின்ற பிறகும்

வலிப்பு நின்றால் அச்சமும் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சை பெரும் பலன் தருகிறது. இந்தியாவில் அதைத் தொடங்கியவர், பென்ஃபீல்டிடம் பயின்று வந்து வேலூரில் நரம்பு அறுவைத் துறையை நிறுவிய ஜேக்கப் சாண்டி, ஆண்டு 1952. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பின்னாளில் இந்தச் சிகிச்சையைப் பெரிய அளவில் வளர்த்தது. கனடாவில் 80 பேரிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், டெம்போரல் மடல் அறுவைக்குத் தெரிவானவர்களில் 58 விழுக்காட்டினர் ஓராண்டில் நினைவைத் தப்பவைக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 8 விழுக்காடே.

ஆனால் அறுவைக்குப் பிறகு வலிப்பு முற்றிலும் நின்ற சிலர் மனம் தளர்ந்துபோவதை மெல்பர்னைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் சாரா வில்சனும் அவருடைய குழுவினரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இத்தனை காலம் நோயை முன்வைத்தே வீடு இயங்கியிருக்கிறது. இப்போது வேலை தேடு, தனியாகப் போ, எல்லோரையும் போல் இரு என்ற எதிர்பார்ப்பு ஒரே நாளில் தலையில் ஏறுகிறது. இயல்பாக இருப்பதே ஒரு சுமையாகிறது. அதனடியில் பழைய கேள்வியும் கிடக்கிறது: திரும்பி வந்தால்?

மாத்திரையை நிறுத்தும் நேரத்தில் இந்தக் கேள்வி மறுபடி தலைதூக்கும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றி இருந்த 1,013 பேரை வைத்துப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 78 விழுக்காட்டினர் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வலிப்பின்றி இருந்தார்கள். மெல்ல நிறுத்தியவர்களில் 59 விழுக்காட்டினர். நிறுத்தியும் பாதிக்கு மேற்பட்டோர் நலமாக இருந்தார்கள், தொடர்ந்தும் சிலருக்கு வந்தது. இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சரியான முடிவு இல்லை. கட்டடத்தில் சாரம் ஏறிப் பிழைப்பவருக்கும், பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கும், ஓய்வு பெற்றவருக்கும் முடிவு வேறுபடும். மருத்துவர் எண்ணைச் சொல்ல வேண்டும். தம் அச்சத்தையும் ஆசையையும் நோயாளி சொல்ல வேண்டும். முடிவு இருவரும் சேர்ந்து எடுப்பது. பத்து ஆண்டுகள் வலிப்பின்றி, அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் மருந்துமின்றிக் கழிந்தால் நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்று பன்னாட்டுக் கழகம் 2014இல் சொன்னது. இப்படி ஓர் எல்லைக்கோடு இருக்கிறது என்று தெரிவதே பலருக்கு ஆறுதல்.

அச்சத்துக்குச் சிகிச்சை

கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

“எத்தனை தடவை வந்துச்சும்மா?”

“வரலைங்க டாக்டர்.”

“நல்லது. அதே மாத்திரை. விடாம போடு. மூணு மாசம் கழிச்சு வா.”

வலிப்பு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் மூன்று மாதமாகத் தனியாகக் கடைக்குப் போகவில்லை, கதவைச் சாத்திக் குளிக்கவில்லை, தையல் வேலையை விட்டுவிட்டாள். சீட்டில் எதுவும் ஏறவில்லை. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவர் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கேட்கவேண்டியதைச் சுருக்கமாகக் கேட்கும் வழி இருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலிப்பு நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக் கவலை நோயும், ஏறத்தாழ அதே அளவினருக்கு மனச்சோர்வும் இருப்பது தெரிகிறது. கவலை நோயைக் கண்டறிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கியிருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் செவிலியர் கேட்டு எழுதிவிடலாம். அதுவும் முடியாத இடத்தில், ‘வந்துவிடுமோ என்று பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும். அச்சத்தின் அளவை அது விழுங்கிய வாழ்க்கையை வைத்து அளக்கும் கேள்வி அது.

கண்டறிந்த பின் செய்யக்கூடியவை உண்டு. சிந்தனையையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சை இந்த அச்சத்துக்கு நன்கு பொருந்துகிறது. விட்டவற்றைப் பட்டியலிட்டு, எளிதானதிலிருந்து தொடங்குவார்கள். முதல் வாரம் அக்காவோடு தெருமுனைக் கடைவரை. அடுத்து அக்கா பத்தடி பின்னால். பிறகு தனியாக, கையில் போன். அதன்பின் அடுத்த தெரு. ஒவ்வொரு படியிலும் ‘வந்தால் என்ன நடக்கும், அப்போது யார் என்ன செய்வார்கள்’ என்பதற்கு எழுதிவைத்த விடை இருக்கும். அச்சம் முழுதாகத் தீரும்வரை காத்திருந்து வெளியே போவதில்லை. வெளியே போய்ப் போய்த்தான் அச்சம் குறைகிறது. தேவைப்பட்டால் கவலைக்கான மாத்திரையும் சேர்க்கலாம். வலிப்பு நோயாளிகளுக்கு ஏற்றவை இருக்கின்றன, தெரிவு மருத்துவருடையது. சில வலிப்பு மருந்துகளே எரிச்சலையும் படபடப்பையும் கூட்டும். லெவெட்டிராசிட்டம் அப்படிப் பெயர் பெற்றது. புதிய மாத்திரைக்குப் பிறகு குணம் மாறினால் உடனே சொல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 160 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மூச்சுப் பயிற்சியும் தியானமும் சேர்ந்த யோகா செய்தவர்களுக்கு, யோகா போன்ற வெறும் அசைவுகளைச் செய்தவர்களைவிட வெட்க உணர்வும் கவலையும் வலிப்பும் குறைந்தன. மாத்திரைக்கு மாற்றாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து.

நியாயமான அச்சத்துக்கு ஏற்பாடுதான் மருந்து. குளியலறையில் உள்தாழ்ப்பாள் வேண்டாம். கதவைச் சாத்தி, வெளியே ‘ஆள் உண்டு’ என்று ஒரு துண்டைத் தொங்கவிட்டால் மானமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். நிரப்பிய தொட்டிக்குள் இறங்காமல், முக்காலியில் உட்கார்ந்து வாளியில் மொண்டு குளிக்கலாம். கிணறு, குளம், ஆறு ஆகிய இடங்களுக்கு நீந்தத் தெரிந்தவர் துணையோடுதான் போக வேண்டும். வலிப்பு நோயாளிகள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தரையடுப்பைத் தவிர்த்து மேடையடுப்பின் உட்புற பர்னரில் சமைக்கலாம். உயரம் குறைந்த கட்டில் அல்லது பாய் நல்லது.

வீட்டாருக்கும் எழுதிவைத்த திட்டம் வேண்டும். வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார். பக்கத்தில் உள்ள கூர்மையான பொருள்களை நகர்த்து. தலைக்கடியில் மடித்த துணி வை. வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே, கைகாலை அமுக்காதே, தண்ணீர் ஊற்றாதே. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108ஐ அழை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டிலும் பள்ளியிலும் வைத்துக்கொள். கை பிசைந்து நின்ற தந்தைக்கும் அண்ணனுக்கும் ஆசிரியருக்கும் இப்போது செய்ய ஒரு வேலை இருக்கிறது. வேலை தெரிந்தவர் அலறமாட்டார். அவர் அலறாததைப் பார்த்து நோயாளியின் அச்சமும் தணியும்.

முடிவாக

ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து ஒன்றைத்தான் சுட்டுகின்றன. வலிப்பின் எண்ணிக்கையும் வாழ்க்கையின் தரமும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. ஆண்டுக்கு இரண்டு வலிப்பு வந்தாலும் வேலைக்குப் போய், நண்பர்களிடம் சொல்லி, திட்டத்தோடு வாழ்பவர் உண்டு. ஐந்து ஆண்டுகளாக வராமலிருந்தும் வாசற்படி தாண்டாதவர் உண்டு. இரண்டாமவருக்கும் நோய் இருக்கிறது. அவருடைய நோய் இப்போது அச்சம். அதற்கும் சிகிச்சை பெறும் உரிமை அவருக்கு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2022 முதல் 2031 வரையிலான செயல்திட்டம் ஒன்றில் வலிப்பு நோயை முன்னுரிமையாக ஏற்றிருக்கின்றன. நம் மாநிலத்தில் அதன் பொருள் மிக எளிமையானதாக இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை ஒரு நாளும் தீராமல் இருக்க வேண்டும். இருப்பு இல்லாத ஒரு வாரம், ஓராண்டு நம்பிக்கையைக் கெடுத்துவிடும். மாவட்ட மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் வாரம் ஒரு நாளாவது உளவியலாளர் உட்கார வேண்டும். பள்ளி ஆசிரியர் பயிற்சியில் வலிப்பு முதலுதவி இடம்பெற வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

மருந்துக்கு வலிப்பு முழுதாக அடங்காதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். ‘முதலில் நிற்கட்டும், பிறகு எல்லாம்’ என்று அவர்களிடம் சொல்வது, வாழாதே என்று சொல்வதற்குச் சமம். படிப்பும் வேலையும் மணவாழ்வும் வலிப்பு நிற்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தக்க ஏற்பாட்டோடு, தெரிந்த நாலு பேர் துணையோடு, வந்தாலும் எழுந்து தொடரலாம் என்ற அறிவோடு அவற்றை இன்றே தொடங்கலாம். அந்த அறிவை நோயாளிக்குக் கொடுத்தனுப்பும்வரை நம் சிகிச்சை முடிந்ததாகாது.